நூற்றைம்பதாவது வில்லை

காலை ஒன்பது நாற்பது பஸ் ஊர் முனையில் வந்து திரும்பி நிற்கும்போது கண்டக்டர் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார். சொல்லப்போனால் அவர் இப்போது கண்டக்டரே இல்லை. ஓய்வு பெற்று ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அந்த பஸ்ஸில் விசில் ஊதுவது இப்போது வேறு ஆள். ஆனால் இருபத்தாறு வருஷம் ஒரே தடத்தில் போய் வந்த மனிதரை ஊர் வேறு எப்படிக் கூப்பிடும்? அவருடைய நிஜப் பெயர் அவர் தங்கைக்கே சட்டென்று ஞாபகம் வராது என்று தங்கை கணவரான டீக்கடைக்காரர் கேலி செய்வார். அதில் பாதி உண்மை.

அந்த நாட்களில் அவருக்கு வேலை ஏரிப் பாதையின் வாசலில். பாதையை மறித்து ஒரு குறுக்குக் கழி, ஒரு பெரிய குடை, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, பலகையில் வரிசையாக ஆணி அடித்து மாட்டிய நூற்றைம்பது தகர வில்லைகள். ஒவ்வொரு வில்லையிலும் ஓர் எண்ணும் ஒரு கயிறும் இருக்கும். ஏரி பார்க்க வரும் வெளியூர்க்காரர்கள் ஆளுக்கொரு வில்லையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போக வேண்டும், இறங்கி வரும்போது திருப்பிக் கொடுக்க வேண்டும். முன்கூட்டியே போன் செய்து இடம் சொல்லி வைத்தவர்களுக்குத்தான் வில்லை. மந்திரியே காரில் வந்து இறங்கினாலும் போன் செய்யாவிட்டால் டீயைக் குடித்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்களை அவர் ஒவ்வொருவராகப் பார்ப்பார். எல்லாரும் இறங்கிய பிறகும் கொஞ்ச நேரம் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிடுவார். அந்தப் பைக்குள் இருந்தது நூற்றைம்பதாவது வில்லை. மூன்று மாதமாக அது அங்கேதான் இருந்தது, யாருக்கும் தெரியாமல்.

அது யாருக்காக என்று சொல்ல வேண்டுமானால் டீச்சரிடம் போக வேண்டும்.

டீச்சர் இந்த ஊர்க்காரர் இல்லை. எந்த ஊர் என்றும் சரியாகத் தெரியாது. டவுனில் ரயிலை விட்டு இறங்கி, அங்கிருந்து இந்த பஸ் ஏறுவார். குளிர் காலத்தில், ஏரிக்குப் பறவைகள் வந்து சேர்ந்த பிறகு, ஒரு வியாழக்கிழமை வருவார். ஞாயிறு மதியம் திரும்பிவிடுவார். தனி ஆள். கையில் ஒரு துணிப்பை, தோளில் தொங்கும் தூரக்கண்ணாடி, வெயிலோ மழையோ ஒரு கறுப்புக் குடை. பதினொரு வருஷம் விடாமல் வந்தார். முதல் வருஷம் நிற்க இடமில்லாத கூட்டத்தில் குடையை ஊன்றிக்கொண்டு நின்றபடியே மலை ஏறினார். ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. அது கண்டக்டருக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. அடுத்த வருஷம் குளிர் பிறந்ததுமே, வியாழக்கிழமைகளில் தன் இருக்கைக்குப் பின்னால் இருந்த ஜன்னலோர இடத்தில் தோல் பையைப் போட்டு வைக்க ஆரம்பித்தார். எந்த வியாழன் என்று தெரியாதே. அதனால் எல்லா வியாழனும் பை போடுவார். யாராவது கேட்டால் "ஆள் இருக்கு" என்பார். ஆள் பல வியாழன்களுக்கு இருக்காது. பை மட்டும் ஜன்னலோரம் சுகமாக மலை ஏறும். டிரைவர் கண்ணாடியில் பார்த்துச் சிரிப்பார்.

அவர்கள் இரண்டு பேரும் அப்படி என்னதான் பேசிக்கொண்டார்கள் என்று கேட்டால், சொல்லிக்கொள்கிற மாதிரி ஒன்றுமில்லை. டீச்சர் பறவைகளை எண்ணுகிறவர். நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொள்வார். ஞாயிற்றுக்கிழமை திரும்பும் பஸ்ஸில் உட்கார்ந்ததும், "இந்தத் தடவ முன்னூத்திப் பன்னெண்டு" என்பார். கண்டக்டர் பஸ்ஸுக்குள் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "நம்மகிட்ட அறுபத்தி ரெண்டு. அதுல நாலு மடியில" என்பார். டீச்சர் சிரிப்பார். ஒரு வருஷம் முழுவதற்கும் கண்டக்டருக்கு அந்தச் சிரிப்பு போதுமானதாக இருந்தது. அப்பா அம்மா போன பிறகு தங்கையைப் படிக்க வைத்து, கல்யாணம் செய்து கொடுத்து, நிமிர்ந்து பார்க்கும்போது தனக்கு நாற்பது தாண்டிவிட்டதைக் கண்டவர் அவர். அதன் பிறகு பெண் பார்க்கப் போவதற்குக் கூச்சமாக இருந்தது, விட்டுவிட்டார். டீச்சருக்குக் குடும்பம் இருக்கிறதா, இல்லையா என்று அவர் கேட்டதில்லை. கேட்டுவிட்டால் ஒருவேளை பதில் வந்துவிடுமே என்ற பயம்தான்.

டீச்சர் தங்குவது கண்டக்டரின் தங்கை வீட்டில். மாடியில் இரண்டு அறைகளை வெளியூர்க்காரர்களுக்கு விட்டிருந்தாள் தங்கை. பதிவேட்டில் பெயர், ஆள், போன் நம்பர் என்று மூன்று கட்டம். பெயருக்கு டீச்சர் என்று தங்கையே எழுதிக்கொள்வாள். போன் நம்பர் கட்டத்தில் டீச்சர் ஒரு கோடு போடுவார், அவ்வளவுதான். "போன் வெச்சுக்கல. வெச்சாலும் கூப்பிட ஆள் இல்ல" என்று ஒரு முறை தங்கையிடம் சொன்னாராம். தங்கை அதைச் சாப்பாட்டு நேரத்தில் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். கண்டக்டருக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பிறகு அந்த நோய் வந்தது. ஊரடங்கு என்றார்கள். பஸ்ஸை டிப்போவில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். ஊர் முனையில் பையன்கள் மரத்தை வெட்டிக் குறுக்கே போட்டு, வருகிறவன் போகிறவனையெல்லாம் மிரட்டினார்கள். டீக்கடை மூடியது. தங்கை மாடி அறைகளைப் பூட்டி அதில் மூட்டைகளை அடுக்கினாள். இனிமேல் யாரையும் வீட்டில் தங்கவைக்கிற தைரியம் தனக்கு வராது என்றாள். நகரத்தில் ஹாஸ்டலில் தங்கிப் படித்துக்கொண்டு, ஏழெட்டு வருஷமாகக் கோடை விடுமுறைக்கு மட்டும் வந்து போன அவள் மகள், ஊரோடு வந்து சேர்ந்தாள். ஒரு வெளி ஆள் இல்லாமல் பத்தொன்பது மாதம் போயிற்று.

அந்த முதல் குளிர் காலத்தில் கண்டக்டர் ஒவ்வொரு வியாழனும் ஏரிக்குத் தனியாக நடந்து போனார். மனித நடமாட்டமே இல்லாததால் பறவைகளுக்கு ஒரே கொண்டாட்டம். ஓடையைக் கடக்கும் மரப்பாலத்தின் கைப்பிடியில்கூட வரிசையாக உட்கார்ந்திருந்தன. அவர் எண்ணினார். பஸ்ஸில் தலை எண்ணிப் பழகிய கண்ணுக்கு அது பெரிய வித்தை இல்லை. ஆயிரத்து நானூற்று ஆறு. பழைய டிக்கெட் கட்டு ஒன்றின் முதுகில் எழுதி வைத்துக்கொண்டார். இதைச் சொன்னால் டீச்சர் என்ன சொல்வார் என்று யோசித்தபடியே கீழே இறங்கினார். பாதி வழியில்தான், அந்த அம்மாள் உயிரோடு இருக்கிறாரா என்பதே தனக்குத் தெரியாது என்று உறைத்தது. செய்தியில் தினம் ஓர் எண்ணிக்கை சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்த எண்ணிக்கை வந்ததும் அவர் டிவியை அணைத்துவிடுவார். யாரிடம் போய் விசாரிப்பது? கோடு போட்ட கட்டத்தைத் தவிர அவரிடம் ஒன்றுமில்லை.

ஊரடங்கை எடுத்ததும் என்ன நடந்தது என்பது ஊருக்கே தெரியும். அடைத்துக் கிடந்த நகரம் மொத்தமும் மடை திறந்த மாதிரி மலைக்கு வந்தது. யாரோ ஒருவன் ஏரியைப் படம் பிடித்துப் போட்டிருந்தானாம். முதல் ஞாயிறு நானூறு பேர், அடுத்த ஞாயிறு ஆயிரம், மூன்றாவது ஞாயிறு இரண்டாயிரத்துக்கு மேல். ஊரில் குடியிருப்பவர்களே அறுநூறு பேர்தான். சாலையின் இரண்டு பக்கமும் கார். பிரசவத்துக்கு ஏற்றிக்கொண்டு போன வண்டி ஒரு மணி நேரம் நகர முடியாமல் நின்றது. நல்ல வேளை, குழந்தை பொறுத்துக்கொண்டது. டீக்கடையில் பத்து மணிக்கே பால் தீர்ந்தது. முதல் இரண்டு வாரம் டீக்கடைக்காரர் வாய் காது வரைக்கும் போயிருந்தது. மூன்றாவது வாரம் கடைக்குப் பின்னால் இருந்த அவருடைய காய்கறித் தோட்டத்தைக் கூட்டம் கக்கூஸாக்கிவிட்டது. அன்றிலிருந்து அவரும் யோசிக்க ஆரம்பித்தார். அதே ஞாயிறன்று மரப்பாலம் பாரம் தாங்காமல் நடுவில் முறிந்தது. ஊருக்குக் குடிநீர் வரும் ஊற்றுக்குள் பிளாஸ்டிக் பாட்டில்கள் மிதந்தன. பறவைகள் ஏரியின் அந்தக் கோடிக்குப் போய்விட்டன.

கண்டக்டரின் தங்கைதான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பினாள். ஊரைக் கூட்டிப் பாதைக் குழு என்று ஒன்றை அமைத்தாள், அதற்குத் தலைவியும் ஆனாள். ஒரு நாளைக்கு எத்தனை பேரை விடலாம் என்று பெரிய விவாதம் நடந்தது. ஐந்நூறு என்றார் ஒருவர், ஒருவரையும் விடக் கூடாது என்றார் இன்னொருவர். தங்கை கேட்டாள், "நம்ம ஊர்ல வெளியாளுங்களுக்கு எத்தனை கக்கூஸ் இருக்கு?" நான்கு. "ஒண்ணுக்கு முப்பத்தஞ்சு நாப்பது பேர். அதுக்கு மேல போனா கழுவ நீங்க வர்றீங்களா?" யாரும் வரத் தயாராக இல்லை. நூற்றைம்பது என்று முடிவாயிற்று. வெல்டிங் பட்டறைக்காரர் பழைய தகரத்தை வெட்டி, எண் குத்தி, நூற்றைம்பது வில்லை செய்து கொடுத்தார். பால் சங்கத்து அறையில் இருந்த பழைய போன் முன்பதிவுக்கு. நம்பர் காட்டும் வசதியெல்லாம் இல்லாத, சுற்றி டயல் செய்கிற காலத்து போன். தங்கை மகள் அதில் உட்கார்ந்தாள். வாசலுக்குக் கண்டக்டர். ஆட்களைத் தடுத்து நிறுத்துகிற கலை அவருக்குத்தானே கைவந்தது.

தங்கையின் கண்டிப்பு எப்படிப்பட்டது என்றால், முதல் நாள் காலையிலேயே அவள் கணவரின் சொந்த அண்ணன் குடும்பத்தோடு காரில் வந்து இறங்கினார், போன் செய்யாமல். "வீட்டுக்கு வாங்க, சாப்பிடுங்க, ரெண்டு நாள் இருங்க. ஏரிக்கு மட்டும் போன் பண்ணிட்டு வாங்க" என்றுவிட்டாள். அவர் சாப்பிடாமலே வண்டியைத் திருப்பினார். இரண்டு வீட்டுக்கும் இன்னும் பேச்சில்லை.

இந்த இடத்தில்தான் கண்டக்டருக்குக் கிலி பிடித்தது. டீச்சருக்கு இந்த ஏற்பாடெல்லாம் எப்படித் தெரியும்? அவர் பாட்டுக்கு ஒரு வியாழக்கிழமை குடையை ஊன்றிக்கொண்டு பஸ்ஸை விட்டு இறங்குவார். வாசலில் வில்லை இருக்காது. அவர் வாதாடுகிறவரும் இல்லை, யாரையும் தெரியும் என்று சொல்லிக்கொள்கிறவரும் இல்லை. சரி என்று திரும்பிப் போய்விடுவார். தன் கையாலேயே அவரைத் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கும். கணவரின் அண்ணனுக்கே விலக்குத் தராத தங்கையிடம் போய், பஸ்ஸில் வந்த ஒரு பெண்ணுக்காக எந்த முகத்தோடு விலக்குக் கேட்பது? யார், என்ன உறவு என்று கேட்டால் சொல்வதற்கு அவரிடம் ஒரு வார்த்தை இல்லை.

அதனால் தனக்குத் தெரிந்ததைச் செய்தார். பையைப் போட்டு இடம் பிடித்தார். முதல் நாளே தங்கை மகளிடம், "நூத்தி அம்பதாவது வில்லை எங்கயோ விழுந்துடுச்சும்மா. நூத்தி நாப்பத்தி ஒம்பதோட நிறுத்திக்கோ" என்று சொல்லிவிட்டார். இப்போது பழைய வழக்கமெல்லாம் குலைந்து கிடந்ததால் வியாழனை மட்டும் நம்பி இருக்கவும் முடியவில்லை. எல்லா நாளும் ஓர் இடம் காலியாக இருந்தது.

பறவைகள் திரும்பி வந்தன. பாலத்தைக் கட்டினார்கள். ஊற்று தெளிந்தது. தினமும் நூற்று நாற்பத்தொன்பது பேர் மேலே போய் இறங்கினார்கள். வாசலில் உட்கார்ந்து அத்தனை முகங்களையும் பார்த்த கண்டக்டருக்கு, உலகத்தில் இவ்வளவு பேர் இருந்தும் என்ன பிரயோசனம் என்று தோன்றிய நாட்கள் உண்டு. எல்லாரும் வந்தார்கள். பாட்டுப் பெட்டியோடு வந்தார்கள், நாயோடு வந்தார்கள், கல்யாணப் படம் எடுக்க நீளப் பாவாடையோடு வந்தார்கள். டீச்சர் வரவில்லை.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பால் சங்கத்து அறையில் குழு கூடியது. வெல்டிங் பட்டறைக்காரர் வரும்போதே முறைப்பாக வந்தார்.

"நான் எண்ணிக் கொடுத்தது நூத்தி அம்பது" என்றார். "தினமும் நூத்தி நாப்பத்தி ஒம்பதுன்னு பலகைல எழுதறீங்க. என் கணக்கு தப்புன்னு ஊர்ல பேச்சு."

"ஒண்ணு தொலைஞ்சு போச்சாம்ணே" என்றாள் தங்கை மகள்.

"தொலைஞ்சா இன்னொண்ணு வெட்டித் தரமாட்டனா? அஞ்சு நிமிஷ வேலை. மூணு மாசமா யாரும் ஏன் கேக்கல?"

டீக்கடைக்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். அவருக்கு இதைச் சொல்லப் பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. "மச்சான், கடைல நாலு பேர் நாலு விதமா பேசறாங்க. கார்க்காரங்களுக்கு ஒரு வில்லைய நீங்க தனியா குடுக்கறதா. நான் நம்பல. ஆனா கேட்டுத்தான ஆகணும்."

இருபத்தாறு வருஷத்தில் டிக்கெட் கணக்கில் ஒரு தடவைகூடக் குறை வராத மனிதர். அவருக்குக் காது மடல் சிவந்துவிட்டது. தங்கை அண்ணனைப் பார்த்தாள். "அண்ணா, வில்லை தொலைஞ்சுதா, இல்லையா?"

கண்டக்டர் சட்டைப் பையிலிருந்து வில்லையை எடுத்து மேஜைமேல் வைத்தார். கயிறு அப்படியே புதுசாக இருந்தது. ஒரு கழுத்திலும் ஏறாத கயிறு.

"யாருக்கும் குடுக்கல" என்றார். "ஒருத்தருக்காக வெச்சிருந்தேன்."

"யாருக்கு?"

பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி இடம் பெயர் சொல்லிக் கத்திய தொண்டை, இரண்டு வார்த்தை சொல்லத் திணறியது. "உன் வீட்ல தங்குவாங்களே. டீச்சர்."

தங்கைக்கு ஒரு நிமிஷம் பிடித்தது. "பறவ டீச்சரா?"

"அவங்களுக்கு இந்த வில்லை, போன் எல்லாம் தெரியாது. திடீர்னு வந்து நிப்பாங்க. இடமில்லன்னு நான் எப்படிச் சொல்றது? பதினோரு வருஷம் இடம் போட்டுக் கூட்டிட்டு வந்தவன்." நிறுத்தினார். பிறகு, தொடங்கிவிட்டோமே என்று முழுவதையும் சொன்னார். "உயிரோட இருக்காங்களான்னே தெரியல. இருந்தா வருவாங்க. வந்தா உள்ள போகணும். அவ்வளவுதான் நான் நெனச்சேன். தப்புதான்."

யாரும் சிரிக்கவில்லை. டீக்கடைக்காரர்கூடக் கேலி செய்யவில்லை. வெல்டிங் பட்டறைக்காரர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தங்கை மகள்தான் மெதுவாகக் கேட்டாள். "மாமா, அவங்க போன் நம்பர் கேட்டா என்ன சொல்வாங்க?"

"அவங்ககிட்ட போன் இல்லம்மா" என்றாள் தாய். "பதிவேட்ல எப்பவும் ஒரு கோடுதான் போடுவாங்க."

அந்தப் பெண் முன்பதிவு நோட்டை இழுத்துப் புரட்டினாள். வியாழக்கிழமைப் பக்கத்தில் நூற்று நாற்பத்தொன்பது பெயர்களுக்குக் கீழே ஒரு வரி பாதி எழுதி அடித்திருந்தது. பெயர் கட்டத்தில் ஒன்றுமில்லை. ஆள்: ஒன்று. போன் நம்பர் கட்டத்தில் ஒரு கோடு.

"செவ்வாக்கிழமை கூப்பிட்டாங்க மாமா" என்றாள். "டவுன்ல போன வாரம் வெச்ச நம்ம போர்டைப் பாத்துட்டு, ஏதோ கடையிலேருந்து. வியாழக்கிழமைக்கு ஒரே ஒரு ஆள்னாங்க. பழக்கத்துல நம்பரை முதல்ல கேட்டேன். அந்த எடத்துல ஒரு கோடு போட்டுடும்மான்னாங்க. கோட்டைப் போட்டுட்டு எண்ணிப் பாத்தா நூத்தி நாப்பத்தி ஒம்பது முடிஞ்சிருந்துது. இடமில்லைங்கன்னு சொல்லிட்டேன்."

வியாழக்கிழமை. கண்டக்டர் அன்றைக்கும் எழுந்து நின்றார், கடைசி ஆள் இறங்கும் வரை பார்த்தார், சட்டைப் பையைத் தொட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அந்தப் பைக்குள் இருந்த இடத்தைத்தான் டீச்சர் கேட்டிருக்கிறார். அவருக்கென்று பத்திரமாக வைத்த இடம் அவருக்கே கிடைக்காமல் போயிருக்கிறது. வேறு யாரும் தடுக்கவில்லை, தான்தான் தடுத்திருக்கிறோம்.

"வேற என்ன சொன்னாங்க?" என்றார்.

"பரவாயில்லம்மா, அடுத்த குளிருக்குப் பாக்கலாம்னாங்க. அப்புறம்..." அவள் உதட்டைக் கடித்தாள். "ஒம்பது நாப்பது பஸ்ல அதே கண்டக்டர்தான் வர்றாரான்னு கேட்டாங்க. அவரு ரிடையர் ஆயிட்டாரு, நல்லா இருக்காருன்னு சொன்னேன். நல்லா இருக்காரா, அது போதும்மான்னாங்க. வெச்சுட்டாங்க. நெறைய பேரு பஸ்ஸப் பத்தி கேப்பாங்க மாமா. உடனே அடுத்த கால் வந்துடுச்சு. எங்க மாமாதான்னு சொல்லணும்னுகூட எனக்குத் தோணல."

கண்டக்டர் அழுவார் என்று தங்கை பயந்தாள். அவர் அழத்தான் செய்தார், ஆனால் முகத்தில் சிரிப்பும் இருந்தது. இரண்டு வருஷமாக வயிற்றில் கிடந்த கேள்விக்குப் பதில் வந்துவிட்டது. இருக்கிறார். மலைக்கு வர ஆசைப்பட்டிருக்கிறார். அதைவிட, தான் இருக்கிறோமா இல்லையா என்று அங்கேயும் ஒருவர் தவித்திருக்கிறார். அந்தச் சந்தோஷத்தையும் அந்த அடியையும் ஒரே நேரத்தில் வாங்கிக்கொள்ள மனுஷனுக்கு ஒரு முகம் போதவில்லை.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அண்ணா" என்றாள் தங்கை. அவள் குரலில் தலைவி இல்லை.

"என்னன்னு சொல்றது?" என்றார் அவர். தங்கை வில்லையை எடுத்துக் கையில் வைத்திருந்துவிட்டு, "நாளையிலேருந்து நூத்தி அம்பது" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் நூற்றைம்பதாவது வில்லை முதல் முறையாக ஒரு கழுத்தில் ஏறியது. மூன்று மாதம் டீச்சருக்காகச் சட்டைப் பையில் சூடாக இருந்த வில்லையை, விடாமல் ஏப்பம் விட்டுக்கொண்டிருந்த ஒரு பெரிய மனிதர் மாட்டிக்கொண்டு போனார். கண்டக்டர் அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் மாட்டிவிட்டதும் அவர்தான்.

அன்று மத்தியானமே அவர் தங்கையிடம் போய் வேலையை மாற்றிக் கேட்டார். வாசலுக்கு இளவயசுக் குரல்தான் சரி, போனைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். தங்கை மகளுக்கும் நாள் முழுக்க அடைந்து கிடக்கிற அந்த அறை பிடிக்கவில்லை. அவள் வெளியே குடைக்கடியில் போய் உட்கார்ந்தாள். கண்டக்டர் உள்ளே மேஜைக்கு வந்தார்.

அவர் செய்த முதல் காரியம், நோட்டின் வலது பக்கத்தில் புதிதாக ஒரு பட்டியல் தொடங்கியது. இடமில்லை என்று சொல்ல வேண்டி வந்தவர்களின் பட்டியல். "வெச்சுடாதீங்க. உங்க பேரும் நம்பரும் சொல்லுங்க. யாராவது வரலன்னா நானே கூப்பிடறேன்" என்பார். பத்து நாளில் ஊருக்கு அந்தப் பட்டியல் பழகிவிட்டது. மழைக்குப் பயந்து வராமல் போகிறவர்கள் தினம் நாலைந்து பேர் இருந்தார்கள், அந்த இடங்கள் வலது பக்கத்துக்காரர்களுக்குப் போயின. குழுவே இதை ஏன் முன்னால் யோசிக்கவில்லை என்று டீக்கடைக்காரர் ஆச்சரியப்பட்டார். அவர் கடையில் பன்னும் கொஞ்சம் கூடுதலாக விற்றது.

குரலை வைத்து ஆளைப் பிடிக்க முடியுமா என்று கண்டக்டருக்குச் சந்தேகம் உண்டு. பஸ் இரைச்சலில் கேட்ட குரல்; அதுவும் வருஷத்துக்கு ஒரு தடவை. இருந்தாலும் ஒவ்வொரு முறை போன் அடிக்கும்போதும், எடுப்பதற்கு முன் ஒரு நொடி கை நிற்கும். "எத்தனை பேருங்க?" என்று கேட்பார். குடும்பம் என்பார்கள், ஆபீஸ் கூட்டம் என்பார்கள். எப்போதாவது ஒரு குரல் "ஒரே ஒரு ஆள்" என்று சொன்னால், பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "நீங்க இதுக்கு முன்னாடி வந்திருக்கீங்களா?" என்று கேட்பார். இல்லை என்பார்கள். சரி என்று எழுதிக்கொள்வார். இன்றுவரை அப்படித்தான்.

தினமும் காலையில் நோட்டைத் திறந்ததும், போன் அடிப்பதற்கு முன்னால், வலது பக்கத்து முதல் வரியை அவர் தானே எழுதுகிறார். பெயர் கட்டத்தில் டீச்சர். ஆள், ஒன்று. குறிப்பு என்ற கட்டத்தில், விடியற்காலையில் ஏரிக்குப் போய் எண்ணி வந்த பறவைகளின் எண்ணிக்கை. போன் நம்பர் கட்டத்துக்கு வரும்போது மட்டும் கொஞ்சம் நிதானிப்பார், கோணாமல் வரவேண்டும் என்று. பிறகு ஒரு கோடு போடுவார்.